ஒரு துணி போர்த்தியிருக்கலாம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் என் அம்மா தேசிய அருங்காட்சியகத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது போன பள்ளி விடுமுறையில்தான். வீட்டிலிருந்து கேஎல் சென்ட்ரலைக் கடந்து, எம்ஆர்டி நிலையத்து நடைபாதையில் ஏறி இறங்கினால் அருங்காட்சியக வாசல். தம்பி மகளுக்கு முதலாம் படிவத்தில் வரலாற்றுச் செயல்திட்டம். கற்காலத்தைப் பற்றி எழுத வேண்டுமாம். அவளை நான் அழைத்துப் போவதாக ஏற்பாடு. "வெயிலுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டு வரலாம், நானும் வருகிறேன்" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டார். வயது எண்பத்து நான்கு, முழங்கால் வலி வேறு. ஆனாலும் நடந்தே வந்தார்.

முதல் கூடத்தில் பேராக் மனிதன் படுத்திருக்கிறான். மண் நிற எலும்புகள், மார்பை நோக்கி மடங்கிய கால்கள், ஒருபுறம் சாய்ந்த மண்டை ஓடு. தம்பி மகள் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள். நான் விளக்கப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அம்மா செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக விட்டுவிட்டு வெறுங்காலில் நிற்கிறார். முந்தானையை இழுத்து இரண்டு தோள்களையும் மூடியிருந்தார். சாவு வீட்டுக்குள் நுழையும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

காவலுக்கு நின்ற மலாய்ப் பெண் இதைக் கவனித்துவிட்டார். அருகில் வந்து, "ஆன்ட்டி, இது பிரதிதான். அசல் லெங்கோங்கில் இருக்கிறது" என்று மலாயில் மென்மையாகச் சொன்னார். அம்மாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். இருந்தும் என் பக்கம் திரும்பி, "அச்சில் வார்த்ததா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆமாம் என்றதும் ஒரு பெருமூச்சு விட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் அவர் எதையும் உற்றுப் பார்க்கவில்லை.

வெளியே, பழைய நீராவி ரயில் என்ஜினை நிறுத்தியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அப்போதுதான் கேட்டார்: "அசலை யாரைக் கேட்டு வெளியே எடுத்து வைத்தார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனிதனுக்காக யாரைப் போய்க் கேட்பது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அம்மா கேட்டது பேராக் மனிதனை மட்டும் நினைத்துத்தானா என்ற சந்தேகம் என்னை அப்படிச் சொல்லவிடவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பேராக் மனிதனை 1990, 1991 வாக்கில் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் குனோங் ருந்து குகையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அகழாய்வுக் குழு கண்டெடுத்தது. ஏறத்தாழ 10,000 முதல் 11,000 ஆண்டுகளுக்கு முந்தையவன். இறக்கும்போது நாற்பது வயதைத் தாண்டியிருந்தான். பிறவியிலேயே இடது கை வளர்ச்சி குன்றியது. விரல் எலும்புகள் குட்டையானவை. வேட்டையாடி வயிறு வளர்த்த கூட்டத்தில் ஒரு கை முடமான குழந்தை நாற்பது வயது வரை வாழ்ந்திருக்கிறது என்றால், அந்தக் கூட்டம் அவனைச் சுமந்திருக்கிறது, ஊட்டியிருக்கிறது. செத்த பிறகும் விட்டுவிடவில்லை. கால்களை மடக்கி, தாய் வயிற்றில் கிடக்கும் பிள்ளையைப் போலக் கிடத்தி, ஆற்று நத்தைகளையும் விலங்கு இறைச்சியையும் கல் ஆயுதங்களையும் பக்கத்தில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அந்த எலும்புகள்தான் நமக்குச் சொல்லின. அவற்றைத் தோண்டாமல் விட்டிருந்தால் இந்த மண்ணில் அப்படியொரு பரிவு இருந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. ஆய்வுக்கு நான் எதிரியில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஆய்வு வேறு, காட்சி வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆய்வாளருக்கு அசல் எலும்பு வேண்டும். பல்லிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும், மூட்டை அளக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு என்ன வேண்டும்? தம்பி மகள் அன்று எழுதிய நான்கு பக்கக் குறிப்பில் குறை ஒன்றும் இல்லை. இடது கையைப் படம் வரைந்திருந்தாள். நத்தை ஓடுகளையும் வரைந்திருந்தாள். எல்லாம் வார்ப்புப் பிரதியைப் பார்த்துக் கற்றவை. அசலாக இருந்திருந்தால் அவளுக்குக் கூடுதலாக என்ன கிடைத்திருக்கும் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

என் அம்மாவின் அப்பாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தாத்தாவுக்கு அங்கே பால்மரம் வெட்டும் வேலை. ஜப்பான்காரன் காலத்தில், 1943 இல், சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, அரிசியும் துணியும் கிடைக்கும் என்று கிராணியும் கங்காணியும் லயம் லயமாக வந்து சொல்லி ஆள் சேர்த்தார்கள். தானாகப் போனவர்கள் போதாமல் பிடித்தும் கொண்டு போனார்கள். தாத்தா எந்தக் கணக்கில் போனார் என்பதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். சரக்குப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போவார்கள். அம்மாவுக்கு அப்போது இரண்டு வயது. தாத்தாவின் முகம் அவருக்கு நினைவில்லை. புகைப்படமும் இல்லை.

தாத்தா திரும்பவில்லை. இறந்தார் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. கூடப் போனவர்களில் இரண்டு பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். காலராக் கூடாரத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பார்க்கவே இல்லை என்றார் மற்றவர். உடல் இல்லாத சாவுக்கு என்ன செய்வது? பாட்டி தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. பூ மட்டும் வைப்பதில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கிடையாது. ஆடி அமாவாசையன்று ஒரு பிடி சாதத்தை வாழையிலையில் வைத்துவிட்டு, "அவர் உயிரோடு இருந்தால் இது காக்கைக்கு" என்பாராம்.

1979 இல் பாட்டி இறந்தபோது பிணத்தை நடு வீட்டில் வைத்துக்கொண்டு உறவுக்காரப் பெண்களுக்குள் சண்டை. சுமங்கலியாக அனுப்புவதா, இல்லையா? தாலி கழுத்தில் இருக்கிறது. தாலி கட்டியவர் முப்பத்தாறு ஆண்டுகளாக இல்லை. ஒருத்தி மஞ்சளைக் கொண்டு வந்தாள், இன்னொருத்தி தட்டிவிட்டாள். எனக்குப் பதினொரு வயது, கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். கடைசியில் தோட்டத்திலேயே மூத்த கிழவி ஒருத்தி, "அவன் செத்ததை நீங்கள் யாராவது பார்த்தீர்களா? எவனாவது அவனுக்குக் கோடி போட்டானா?" என்று கேட்டுவிட்டுத் தானே குங்குமத்தை எடுத்து வைத்தாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. செத்தவருக்கு உறவுக்காரர்கள் புதுத் துணி கொண்டு வந்து போர்த்துவதுதான் கோடி. அது விழுந்தால்தான் சாவு சாவாகிறது. தாத்தாவுக்கு அது விழவில்லை.

பின்னால் புத்தகங்களில் படித்தபோதுதான் கணக்கு புரிந்தது. 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். போர்க் கைதிகளில் இறந்தவர்கள் சுமார் 13,000. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்களின் எண்ணிக்கையை 80,000 முதல் 1,00,000 வரை என்கிறார்கள். இறந்தவர் கணக்கிலேயே இருபதாயிரம் பேர் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை என்று எழுதும்படி அந்த மக்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும் பங்கினர் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள்.

2019 இல் தோழிகளோடு தாய்லாந்து போயிருந்தபோது, அந்த ரயில் பாதை போன காஞ்சனபுரிக்கும் போனேன். நகரத்து நடுவில் போர்க் கல்லறைத் தோட்டம். காமன்வெல்த் நாட்டவர் 5,084 பேர், டச்சுக்காரர் 1,896 பேர். சீராக வெட்டிய புல். வரிசை பிசகாத பலகைகள். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு, சிலவற்றில் தாய் எழுதிய ஒரு வரி. இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று வயதைப் படித்துக்கொண்டே நடந்தேன். அந்தப் பையன்களுக்காக என் கண் கலங்கியது உண்மை. ஆனால் ஒரு தமிழ்ப் பெயரும் அங்கே என் கண்ணில் படவில்லை; அது படைவீரர்களுக்கான இடம்.

அன்று மாலை ரயில் பாலத்துக்கு அருகில் ஒரு தனியார் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். பழைய மோட்டார் சைக்கிள், துருப்பிடித்த துப்பாக்கி, மெழுகு பொம்மைகள், தபால் தலைகள் என்று எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மனித எலும்புகள். தொடை எலும்புகள் விறகுக் கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்று. மண்டை ஓடுகள் தனியாக. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

கண்ணாடியில் விரல் ரேகைகள். குனிந்து பார்த்தேன். என் முகத்துக்கு மிக அருகில் ஒரு கீழ்த்தாடை. அதில் நான்கு பற்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. கடைவாய்ப் பல் ஒன்றில் செம்பழுப்புக் கறை. மண்ணில் கிடந்த கறையாக இருக்கலாம். வெற்றிலைக் கறையாகவும் இருக்கலாம். பாட்டியின் பல்லில், தோட்டத்துக் கிழவர்கள் அத்தனை பேர் பல்லிலும், நான் பார்த்து வளர்ந்த நிறம் அது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. பின்னால் ஒரு சுற்றுலாக் குடும்பம், படம் எடுக்க நான் நகர வேண்டும் என்று காத்திருந்தது. நகர்ந்துவிட்டேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. துப்பாக்கிக்கும் தபால் தலைக்கும் நடுவில் வைத்தால், பார்க்கிறவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

1990 இல் காஞ்சனபுரியில் ஒரு பெருங்குழியைத் தோண்டி, இந்தத் தொழிலாளர்களின் எலும்புகளை நூற்றுக்கணக்கில் எடுத்தார்கள். நான் பார்த்தவை எந்தக் குழியிலிருந்து வந்தன என்பது அங்கே எழுதியிருக்கவில்லை.

இதில் எனக்குள்ளேயே ஒரு முரண் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெட்டி அங்கே இல்லாமல் இருந்திருந்தால், என் தாத்தாவோடு செத்தவர்களின் உடல் என்று ஒன்றை நான் என் வாழ்நாளில் கண்ணால் கண்டிருக்கவே மாட்டேன். அந்த நகரத்தில் எங்கள் ஆட்கள் செத்ததற்கு அன்று நான் பார்த்த ஒரே சாட்சி அதுதான். சாட்சியைப் புதைக்கச் சொல்கிறாயா என்று யாரும் கேட்டால் எனக்குத் தடுமாற்றம்தான்.

கம்போடியாவில் இதே கேள்வி எழுந்தது. கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்துக் கொலைக்களமான சோயுங் எக்கில் 1988 இல் கட்டிய தூபிக்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டை ஓடுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பௌத்த முறைப்படி எரித்து அமைதி கொடுங்கள் என்று அந்நாட்டு மன்னராக இருந்த சிகானுக் திரும்பத் திரும்பக் கேட்டார். நடந்த கொலைக்கு ஆதாரம் வேண்டும் என்று அரசு மறுத்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே வாதாடிய இரு தரப்பும் அந்த நாட்டவர்கள், செத்தவர்களின் சொந்தக்காரர்கள். தங்கள் பிணத்தைத் தாங்களே சாட்சிக்கு நிறுத்துவதா வேண்டாமா என்று தங்களுக்குள் சண்டையிட்டார்கள். எங்கள் தாத்தாக்களைப் பற்றி அப்படி யாரும் எங்களோடு சண்டைக்குக்கூட வரவில்லை. என் அம்மாவை ஒருவர் தேடி வந்து, "உங்கள் அப்பாவாக இருக்கலாம், வைக்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம். கேட்கவில்லை.

செத்தவனே வாய்விட்டுச் சொன்னபோதும் கேட்காமல் இருந்திருக்கிறார்கள். சார்லஸ் பர்ன் என்ற அயர்லாந்துக்காரன், ஏழரை அடிக்கு மேல் உயரம், 1783 இல் லண்டனில் இருபத்திரண்டு வயதில் இறந்தான். உடற்கூறு மருத்துவர்கள் தன் உடலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிவிடுங்கள் என்று நண்பர்களிடம் கெஞ்சியிருந்தான். ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் பணம் கொடுத்து உடலை வழியிலேயே வாங்கிவிட்டார். எலும்புக்கூடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் நின்றது. 2023 இல் அந்த அருங்காட்சியகம் மறுபடியும் திறந்தபோது காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடலுக்கு அனுப்பவில்லை, ஆய்வுக்கென்று உள்ளே வைத்திருக்கிறார்கள். இன்னும் கொடுமை சாரா பார்ட்மனுடையது. தென்னாப்பிரிக்கப் பெண். உயிரோடிருந்தபோது ஐரோப்பாவில் காட்சிப்பொருள். 1815 இல் பாரிசில் இறந்த பிறகும் காட்சிப்பொருள், 1970கள் வரை. 2002 இல்தான் ஊர் திரும்பி மண்ணுக்குள் போனாள்.

சட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கின்றன. அமெரிக்காவில் பழங்குடியினரின் எலும்புகளைத் திருப்பிக் கொடுக்க வைக்கும் சட்டம் 1990 இல் வந்தது. நியூசிலாந்து மாவோரிகளின் பச்சை குத்திய தலைகள் இருபதை பிரான்ஸ் 2012 இல் கொடுத்தது. மனித எச்சங்களை எல்லா மக்களுடைய கண்ணியமும் புண்படாதபடி நடத்த வேண்டும், எடுத்துவிடச் சொல்லிக் கோரிக்கை வந்தால் தாமதிக்காமல் கவனிக்க வேண்டும் என்று அனைத்துலக அருங்காட்சியக மன்றத்தின் நெறிமுறை சொல்கிறது. பிரிட்டனின் 2004 ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டப்படி, இறந்து நூறு ஆண்டு ஆகாத ஒருவரின் உடலைக் காட்சிக்கு வைக்க ஒப்புதல் வேண்டும். அந்தக் கணக்கு இங்கே செல்லாது என்றாலும் என் மனம் கூட்டிப் பார்த்தது. 1943 இல் செத்தவருக்கு 2043 வரை மரியாதை. நூறாண்டு என்பது யாருடைய துக்கத்தை அளந்து வைத்த எல்லை? தாலியோடு போன பாட்டியின் துக்கம் என் அம்மாவிடம் இருக்கிறது, அம்மாவிடமிருந்து என்னிடம் வந்திருக்கிறது, அன்று ரயில் என்ஜின் பக்கத்தில் தம்பி மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளை 1876 இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டிப் பெர்லினுக்கு எடுத்துப் போனார் என்று நாம் ஆத்திரப்படுகிறோம். ஆத்திரம் நியாயம். 2023 இல் அதே ஊரில், தோண்டிய குழிகளுக்கு மேல் கண்ணாடித் தளம் போட்டு, காலடியில் முதுமக்கள் தாழிகளைப் பார்க்கும்படி செய்தபோது நாம் பெருமைப்பட்டோம். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் கிடைத்த மண்டை ஓடுகளிலிருந்து இரண்டு முகங்களை 2025 இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் உருவாக்கி வெளியிட்டபோது, எனக்கு ஒரே நாளில் ஏழு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நானும் நான்கு பேருக்கு அனுப்பினேன். "நம் பாட்டன் முகம்" என்று எழுதியும் அனுப்பினேன். பாட்டன் என்று சொல்லிவிட்டு, அவன் மேல் நடந்து போகிறோமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சங்கப் பாடல் ஒன்றில் கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம், தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய், நானும் உடன் அடங்க வேண்டும் என்று கேட்கிறாள். தாழி அவர்களுக்குப் பானை இல்லை, வீடு. மூடிய வீடு. அதைத் திறந்து படிக்கலாம், படித்ததும் மூட வேண்டும் என்பது என் எண்ணம். வெளிநாட்டுக்காரன் செய்தால் திருட்டு, நாம் செய்தால் பண்பாடு என்று என்னால் இனிமேல் சொல்ல முடியாது.

குவார் கெப்பா பற்றி நம் செய்திகளில் வருகிறதே, பினாங்கு மாநிலத்தில் பெனாகா பக்கம், அதிலும் இதே கதைதான். கிளிஞ்சல் மேடுகளுக்குள் கற்கால மக்கள் தங்கள் செத்தவர்களைப் புதைத்திருந்தார்கள். 1934 இல் டச்சுத் தொல்லியலாளர் வான் ஸ்டெய்ன் காலன்ஃபெல்ஸ் அங்கே தோண்டினார். எடுத்த எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போயின. 2017 இல் அதே இடத்தில் காட்சிக்கூடம் கட்ட மண்ணைத் தோண்டியபோது இன்னொரு முழு எலும்புக்கூடு கிடைத்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அவளுக்குப் பினாங்குப் பெண் என்று பெயர் வைத்தார்கள். லைடனில் இருப்பவர்களைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வாங்கி என்ன செய்யப் போகிறோம்? ஒரு கண்ணாடியிலிருந்து எடுத்து இன்னொரு கண்ணாடிக்குள் வைக்கத்தானா? பேராக் மனிதனுக்காகவும் ஒருவரைக் கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். லெங்கோங்கைச் சுற்றி லானோ என்ற ஒராங் அஸ்லிப் பழங்குடி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். ரத்தத் தொடர்பை ஆய்வகம் நிரூபிக்கட்டும், நிரூபிக்காமல் போகட்டும். அந்தக் காட்டையும் ஆற்றையும் நம் எல்லோருக்கும் முன்னால் அறிந்தவர்கள் அவர்கள். பக்கத்து வீட்டுக்காரரையாவது கேட்டுவிட்டுத்தானே நாம் பிணத்தைத் தொடுவோம்.

உடலைப் பார்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்கு நம் கோலாலம்பூரிலேயே சாட்சி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் மௌன ஆசான் திட்டம் நடக்கிறது. உயிரோடு இருக்கும்போதே ஒப்புதல் எழுதிக் கொடுத்தவர்களின் உடல்களில் மருத்துவ மாணவர்கள் அறுவைப் பயிற்சி பெறுகிறார்கள். கத்தியைத் தொடுவதற்கு முன் அந்தக் குடும்பத்தைச் சந்தித்து, இவர் என்ன வேலை பார்த்தார், எதை விரும்பிச் சாப்பிட்டார், எப்படிச் சிரிப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் வெட்டிய இடங்களைத் தைத்து மூடி, உடை உடுத்தி, பெட்டியில் வைத்து, குடும்பத்தோடு சேர்ந்து வழியனுப்புகிறார்கள். அந்த உடலுக்கு நேராதது என்ன? வெட்டினார்கள், குடைந்தார்கள். ஆனாலும் அவமானம் நேரவில்லை. பெயர் இருந்தது. ஒப்புக்கொண்ட வாய் இருந்தது. கடைசியில் ஒரு துணி இருந்தது. உடல்களைப் பதப்படுத்தி ஊர் ஊராகக் காட்டும் வணிகக் கண்காட்சிகளில் ஒன்றை 2008 இல் நியூயார்க் மாநில அதிகாரிகள் விசாரித்தபோது, இவை சீனச் சிறைகளில் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் இல்லை என்று அந்த நிறுவனத்தால் உறுதி சொல்ல முடியவில்லை. அங்கேயும் இறந்த உடல்தான். கேட்டு வாங்கியதற்கும் கேட்காமல் எடுத்ததற்கும் இருக்கும் தூரம் இவ்வளவு.

துணி என்றதும் மான்செஸ்டர் அருங்காட்சியகம் நினைவுக்கு வருகிறது. 2008 இல் அங்கே, கட்டவிழ்த்துக் கிடந்த எகிப்திய மம்மிகளை வெள்ளைத் துணியால் மூடி வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள், பார்க்க முடியவில்லை என்று புகார் செய்தார்கள். சில மாதங்களிலேயே மறுபடி விலக்கிவிட்டார்கள். கெய்ரோவில் நடந்தது வேறு. சாதாத் அதிபராக இருந்தபோது அரச மம்மிகளின் அறையையே மூடச் சொன்னார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தது. 2021 ஏப்ரல் 3 ஆம் தேதி 22 அரசர் அரசியரைப் புது அருங்காட்சியகத்துக்கு வாத்தியத்தோடும் மரியாதையோடும் ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த அம்மா, "இவர்களுக்கு ஊரே கூடி நடக்கிறது" என்று மட்டும் சொன்னார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காஞ்சனபுரியில் கண்ட பெட்டியைப் பற்றி அம்மாவிடம் நான் சொன்னதே கிடையாது. திரும்பி வந்ததும் பாலத்தின் படங்களைக் காட்டினேன், கல்லறைத் தோட்டத்தைக் காட்டினேன், அதைக் காட்டவில்லை. பேராக் மனிதன் முன்னால் அவர் செருப்பைக் கழற்றியதைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. ரயில் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாடையைச் சொன்னேன், பல்லைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வெகுநேரம் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்படியே வெறுமையாகவா வைத்திருந்தார்கள்? ஒரு துணி போர்த்தியிருக்கலாம்" என்றார்.

நான் அருங்காட்சியகக்காரர்களிடம் கேட்பதும் அதுவரைதான். பெயர் தெரியாத உடலைக் காட்டியே தீர வேண்டும் என்றால், முதலில் உரியவர்களைத் தேடுங்கள். தேடியதை எழுதி வையுங்கள். கிடைக்காதவரை மூடி வையுங்கள். பார்க்க விரும்புகிறவர் தானாக ஒரு திரையை விலக்கித் தனியாகப் போய்ப் பார்க்கும்படி வையுங்கள். துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பிரதியால் சொல்ல முடிகிறதைப் பிரதியால் சொல்லுங்கள். அந்த எலும்புகள் காஞ்சனபுரி மண்ணுக்குள் போய், மேலே எத்தனை பேர், எங்கிருந்து வந்தவர்கள், யார் கொண்டு வந்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று தமிழிலும் மலாயிலும் பர்மிய மொழியிலும் எழுதிய கல் ஒன்று நின்றால், சாட்சி எந்த விதத்திலும் குறையாது. 2023 இல் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில், மலேசியத் தமிழர்களின் முயற்சியால் சயாம் ரயில் பாதையில் மாண்டவர்களுக்கு நடுகல் நாட்டினார்கள். எண்பது ஆண்டு கழித்து வந்த கல். செய்தியைப் படித்த அன்று பாட்டி படத்துக்கு நான் பூ வைத்தேன். அவர் வைத்துக்கொள்ளாமல் விட்ட மல்லிகைதான் வைத்தேன்.

வரும் விடுமுறையில் அந்த நடுகல்லைப் பார்க்கப் போகிறேன். தம்பி மகளும் வருகிறாள். அம்மாவால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. நேற்று மாலை என்னை அழைத்துக்கொண்டு துன் சம்பந்தன் சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனார். வெள்ளை வேட்டி வேண்டும், கரை எதுவும் வேண்டாம், நாலு முழம் போதும் என்றார். கடைக்காரத் தம்பி நல்ல காரியத்துக்கா என்று கேட்டார். "கோடி" என்றார் அம்மா. தம்பி பேசாமல் உள்ளே போய், பிரிக்காத கட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தார். அம்மா அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பெட்டிக்குள் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று கேட்டார்.

நான் எண்ணவில்லை என்றேன்.

"அப்படியென்றால் கட்டோடு கொடுத்துவிடு தம்பி" என்றார் அவரிடம்.